அந்தச் சேத்து நாத்தம் எங்கேர்ந்து வருது? – வாசகர் கேள்வி பதில்

காடு, சதுப்பு நிலம், கார்பன் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல மரம் நடுறதப் பத்தித்தான், அதனால ஒரே மாதிரி இருந்த கேள்விங்கள ஒண்ணாச் சேர்த்துட்டு மிச்சத்துக்கு நிதானமா பதில் எழுதியிருக்கேன். சில பதில் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க, விஷயம் அப்படி.

பாசிர் ரிஸ் பூங்காவுல அலையாத்திக் காட்டுக்குள்ள போற பலகைப் பாதையில பேரனோட நடக்கிறது வழக்கம் தம்பி. தண்ணி வத்துற நேரத்துல அழுகின முட்டை நாத்தம் குடலப் பொரட்டுது. சாக்கடை கலக்குதோன்னு எனக்கு சந்தேகம். ஆனா இந்தக் காடு கார்பன சேமிச்சு வைக்குதுன்னும் சொல்றாங்களே, நாறுற சேத்துல என்ன சேமிப்பு? – பாசிர் ரிஸ் வாசகி

சாக்கடையாத்தான் இருக்கணும்னு இல்லம்மா. அலையாத்திக் காட்டுச் சேறு எந்த ஊர்ல இருந்தாலும் அப்படித்தான் நாறும், பிச்சாவரத்துல படகுல போனாலும் தண்ணி வத்தின நேரத்துல இதே வாடைதான் வரும். உங்க ரெண்டாவது கேள்விக்குப் பதிலே அந்த நாத்தத்துலதான் இருக்கு.

இலை, காம்பு, செத்த வேர் எல்லாம் மண்ணுல விழுது. சாதாரண மண்ணா இருந்தா காத்துல இருக்கிற ஆக்ஸிஜன வச்சுக்கிட்டு பூஞ்சையும் பாக்டீரியாவும் அதத் தின்னு தீர்த்துட்டு, கார்பன கரியமில வாயுவா மறுபடி காத்துலயே விட்டுடும். ஆனா இந்தச் சேறு எப்பவும் தண்ணியில ஊறிக் கெடக்கு, மேல சில மில்லிமீட்டர் தாண்டிட்டா உள்ள ஆக்ஸிஜனே கிடையாது. அங்க இருக்கிற பாக்டீரியா ஆக்ஸிஜனுக்குப் பதிலா கடல் தண்ணியில இருக்கிற சல்ஃபேட்ட வச்சுப் பொழப்ப ஓட்டுது, அப்ப வெளிய வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் உங்களுக்கு அடிக்கிற முட்டை வாடை. இந்த வழியில மக்குறது ரொம்ப ரொம்ப மெதுவு, அதுலயும் கட்டை மாதிரி இருக்கிற வேர சுலபத்துல கரைக்கவே முடியாது. அதனால வருஷா வருஷம் விழுறது ஒண்ணு மேல ஒண்ணா அமுங்கி, அலை கொண்டு வர்ற வண்டலும் மேல மூடி, நூத்துக்கணக்கான வருஷமா அந்தக் கார்பன் அங்கயே கெடக்கு. அதாவது நாத்தம் வருதுன்னா உள்ள காத்து போகலன்னு அர்த்தம், காத்து போகாத வரைக்கும் சேமிப்பு பத்திரமா இருக்கு.

எவ்வளவுன்னு கேட்டா, இந்தோ பசிபிக் பகுதியில 25 அலையாத்திக் காடுகள்ல சேத்தத் தோண்டி அளந்து பார்த்து 2011ல வெளியிட்டாங்க, சராசரியா ஒரு எக்டேருக்கு 1,023 டன் கார்பன். மேட்டு நில மழைக்காட்டோட ஒப்பிட்டா மூணு நாலு மடங்கு. அதுல 49லேர்ந்து 98 சதவீதம் வரைக்கும் இருக்கிறது மரத்துல இல்ல, மண்ணுல. நீங்க பலகைப் பாதையில நின்னு பார்க்கிற மரம் சின்னதா, வளைஞ்சு நெளிஞ்சு, பார்க்க ஒண்ணும் பிரமாதமா இருக்காது, ஆனா காலுக்குக் கீழ இருக்கிறதுதான் பெரிய சொத்து.

அடுத்த தடவ பேரனோட போறப்ப தண்ணி நல்லா வத்தின நேரமா பார்த்துப் போங்க. சேத்துலேர்ந்து பென்சில் குத்தி வச்ச மாதிரி நிறைய நீட்டிக்கிட்டு இருக்கும், அது மூச்சு வேர், உள்ள ஆக்ஸிஜன் இல்லாததால மரம் மேல வேர அனுப்பி காத்து வாங்குது. அதுக்குப் பக்கத்துலயே வளை இருக்கும், அசையாம கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா நண்டு வெளிய வந்து விழுந்து கெடக்கிற இலையப் புடிச்சு வளைக்குள்ள இழுத்துட்டுப் போறதப் பார்க்கலாம். அலை அடிச்சுக் கடலுக்குக் கொண்டு போயிருக்க வேண்டிய இலை அப்படித்தான் சேத்துக்கு உள்ள போகுது.

வருத்தமான விஷயத்தையும் சொல்லிடறேன். 200 வருஷத்துக்கு முன்னாடி சிங்கப்பூர் நிலத்துல நூத்துக்கு ஏறக்குறைய 13 பங்கு அலையாத்திக் காடா இருந்துச்சு, இப்ப ஒரு பங்கு அளவுக்குத்தான் மிச்சம். இறால் குட்டை தோண்டினது, ஆத்து வாய அடைச்சு நீர்த்தேக்கம் கட்டினது (கிராஞ்சியில 1975ல), ஜூரோங் பக்கம் தொழிற்பேட்டைக்காகக் கடல மூடினதுன்னு எல்லாம் சேர்ந்து போயிடுச்சு. தேவைக்காகச் செஞ்சதுதான், ஆனா சேத்தத் தோண்டி வெளிய போட்ட உடனே அதுல காத்து பட்டு, நூறு இருநூறு வருஷச் சேமிப்பு கொஞ்ச வருஷத்துல வாயுவாப் போயிடும்கிறது அப்ப யாரோட கணக்குலயும் இல்ல. சுங்கை பூலோகூட முன்னாடி இறால் குட்டைதான். பறவை பார்க்கிறவங்க 1986ல கேட்டுக்கிட்டதாலதான் அது தப்பிச்சு, 1993ல பூங்காவாத் திறந்து, 2002ல சட்டப்படி இயற்கை வனப்பகுதி ஆச்சு. அந்த நாலஞ்சு பேர் மனு எழுதாம இருந்திருந்தா இன்னைக்கு அங்க என்ன இருந்திருக்கும்னு நினைச்சாலே எனக்கு என்னமோ பண்ணுது.

2020ல ஆரம்பிச்ச ஒரு மில்லியன் மரம் நடுற திட்டத்துல குடும்பத்தோட போய் மரம் நட்டோம், ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஒரு மில்லியன் மரமும் நட்டு முடிச்சா நம்ம ஊரு வெளிய விடுற கார்பன் சரியாப் போயிடுமா? – செங்காங், பிடோக், சுவா சூ காங் வாசகர்கள்

போகாது. கணக்க நீங்களே போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் வருஷத்துக்கு வெளிய விடுறது 50 மில்லியன் டன்னுக்கும் மேல. சுலபமா இருக்கட்டும்னு 50ன்னே வச்சுப்போம், எல்லாத்தையும் கரியமில வாயுவாவே எடுத்துப்போம். அதுல கார்பன் மட்டும் பிரிச்சா 13, 14 மில்லியன் டன் வரும். காய்ஞ்ச மரத்தோட எடையில ஏறக்குறைய பாதிதான் கார்பன், அப்ப 27 மில்லியன் டன் மரம் வளரணும். ஒரு மில்லியன் மரத்துக்குப் பிரிச்சுக் குடுத்தா ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு வருஷமும் 27 டன் கட்டை போடணும்! நம்ம புளோக் கீழ இருக்கிற தூங்குமூஞ்சி மரம் பல பத்து வருஷம் வளர்ந்தாலும் அந்த எடைய எட்டுறது லேசு இல்ல.

அதுக்காக நட்டது வீண்னு நினைச்சுடாதீங்க, நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். நிழல், சூடு குறையறது, மழைத் தண்ணிய மண்ணு இழுக்கிறது, பறவை, அணில், மத்தியானம் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற வயசானவங்க, இதெல்லாம் மரத்தாலதான், அது போதும் மரம் நடுறதுக்கு. கார்பன் கணக்குன்னு வர்றப்ப மட்டும் ரெண்ட பிரிச்சுப் பார்க்கணும். ஏற்கனவே சேர்ந்து கெடக்கிறது ஒண்ணு, வருஷா வருஷம் புதுசா சேர்றது இன்னொண்ணு. பழைய காட்டையும் சதுப்பையும் அழிச்சுட்டு வேற இடத்துல கன்னு நடுறது, பாட்டி சேர்த்து வச்ச நகைய வித்துத் தின்னுட்டு உண்டியல்ல பத்து காசு போடுற மாதிரி. உண்டியல் நல்ல பழக்கம்தான், ஆனா நகை போனா அவ்வளவு சீக்கிரம் திரும்ப வராது.

வயசான மரம் கார்பன் இழுக்கிறத நிறுத்திடும்னு படிச்சேன். அப்ப புக்கிட் தீமா காட்டுல இருக்கிற பழைய மரத்தையெல்லாம் எடுத்து மேசை நாற்காலி செஞ்சுட்டு புது மரம் வச்சா ரெண்டு பக்கமும் லாபம்தானே? – புக்கிட் பாஞ்சாங் வாசகர்

இந்தக் கேள்விய கோவப்படாம எடுத்துக்கிறேன், ஏன்னா நிறைய பேர் நம்புறது இதுதான். கால்வாசி உண்மை இருக்கு. இளங்காடு வேகமா வளரும், அதனால ஒரு எக்டேருக்கு வருஷத்துல புதுசா சேர்றது அதுல கூடுதலா இருக்கும். ஆனா தனி மரமா எடுத்தா கதை வேற. 403 வகை மரங்கள அளந்து 2014ல சொன்னாங்க, பெரும்பாலான வகையில மரம் பெருசாக ஆக அது வருஷத்துக்குப் போடுற கட்டையும் கூடிக்கிட்டேதான் போகுது. உலகம் முழுக்க 48 காட்டுத் திட்டுங்கள ஒப்பிட்டு 2018ல வந்த இன்னொரு கணக்குல, காட்டுல இருக்கிற மரத்துல பெருசு பெருசா இருக்கிற நூத்துக்கு ஒண்ணு மட்டும் தரைக்கு மேல இருக்கிற எடையில கிட்டத்தட்ட பாதிய வச்சிருக்குன்னு தெரிஞ்சுது. அந்த ஒண்ண வெட்டிட்டா என்ன மிஞ்சும்னு பாருங்க.

மேசை நாற்காலியும் நினைக்கிற மாதிரி இல்ல. வெட்டின மரத்துல கிளை, இலை, வேர் எல்லாம் அங்கயே மக்கிப் போகும், அறுக்கிறப்ப தூளாவும் துண்டாவும் ஒரு பங்கு போகும், மேசையா நிக்கிறது கொஞ்சம்தான், அந்த மேசையும் வீடு மாறுறப்ப கீழ குப்பைக்கு வந்துடுது. நிழல் போனதும் மண்ணு சூடாகி, மண்ணுல இருக்கிற கார்பனும் வேகமா வெளிய போக ஆரம்பிக்கும்.

நம்ம ஊர்ல இதெல்லாம் ஒரு தடவ நடந்து முடிஞ்ச கதைதான். 19ம் நூற்றாண்டுல கேம்பியர் (தோல் பதனிட உதவுற ஒரு செடி), மிளகுத் தோட்டத்துக்காகக் காட்ட வெட்டினாங்க. கேம்பியர் இலையக் காய்ச்ச விறகு வேணும், அதனால தோட்டத்தச் சுத்தி இருக்கிற காடும் அடுப்புக்குப் போச்சு, மண்ணு சத்து தீர்ந்ததும் அப்படியே விட்டுட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தாங்க. 1883ல தாவரத் தோட்டத்து கண்காணிப்பாளர் நதானியேல் கேன்ட்லி கணக்கெடுத்தப்ப தீவுல மிஞ்சின காடு ரொம்பக் கொஞ்சம். புக்கிட் தீமாவுல இப்ப இருக்கிற 160 சொச்சம் எக்டேர்ல அந்தக் காலத்துக் காட்டோட துண்டு இன்னும் நிக்குது, வானத்தத் தொடுற செராயா மரமெல்லாம் அதுலதான். 1993லேர்ந்து அங்க ரெண்டு எக்டேர் இடத்துல விரல் தண்டி இருக்கிற கன்னுலேர்ந்து எல்லா மரத்துக்கும் எண் குத்தி, சில வருஷத்துக்கு ஒரு தடவ சுத்தளவு எடுத்துட்டு வர்றாங்க, எது செத்துச்சு, எது பெருத்துச்சுன்னு ஒண்ணொண்ணாக் குறிச்சு. நெஞ்சு உயரத்துல டேப்ப வச்சு அளக்கிற அந்த வேலை பார்க்க சாதாரணமா இருக்கும், ஆனா காட்டோட கார்பன் கணக்கு எல்லாமே அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது.

அண்ணே, நான் புதுக்கோட்டைப் பக்கம். இங்க தோட்ட வேலை பார்க்கிறேன், புல்லு வெட்டுறது, கிளை கழிக்கிறது, இலை கூட்டி மூட்டை கட்டுறது. ஊர்ல இலைய மண்ணுலயே விட்டுடுவோம். இங்க தெனமும் லாரி லாரியா ஏத்துறோம், அந்தக் கார்பன் எல்லாம் எங்க போகுது? தப்பாக் கேட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க. – கிராஞ்சி வாசகர்

தப்பா? இந்தத் தடவ வந்ததுலயே எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி உங்களோடதுதான் தம்பி.

முதல்ல ஒண்ணு. நம்ம சூட்டுக்கும் மழைக்கும் இலை சீக்கிரம் மக்கிடும், நீங்க மூட்டை கட்டாம விட்டாலும் அதுல பெரும்பங்கு சில மாசத்துல காத்துக்கே போயிருக்கும். கரையானும் மண்புழுவும் பூஞ்சையும் தின்னு மூச்சா விட்டுடும். அதனால உங்க லாரியில போற கார்பன் அத்தனையும் நஷ்டம்னு நினைக்க வேண்டாம். ஆனா ஒரு சின்னப் பங்கு மண்ணுத் துகளோட ஒட்டிக்கிட்டு ரொம்ப வருஷம் தங்கும், அந்தப் பங்குதான் வருஷா வருஷம் சேர்ந்து மண்ண கருப்பாக்குது. கூட்டி எடுத்துட்டே இருந்தா அது சேராது, சத்தும் சேராது, அப்புறம் மூட்டையில உரம் வாங்கிப் போடணும். நீங்க வேலை பார்க்கிற இடத்துலயே பார்த்திருப்பீங்க, காடு மாதிரி விட்ட மூலையில மண்ணு பொலபொலன்னு இருக்கும், தெனமும் கூட்டுற புல்வெளியில கட்டாந்தரையா இருக்கும்.

ஏத்திட்டுப் போறதுல கொஞ்சம் உரமாகுது, கிளையச் சீவித் தூளாக்கி மூடாக்கா மரத்தடியிலயே போடுறாங்க, கொஞ்சம் எரிச்சு சக்தி எடுக்கிறாங்க. கார்டன்ஸ் பை த பே கண்ணாடிக் கூடத்துக்குள்ள ஜில்லுன்னு இருக்குல்ல, அதுக்கு வேண்டிய சக்தியில ஒரு பங்கு ஊர் முழுக்கக் கழிச்ச கிளைய எரிச்சுத்தான் வருது. எரிச்சா கார்பன் உடனே காத்துக்குப் போயிடும், ஆனா அந்த அளவுக்கு எரிவாயு எரிக்க வேண்டாம்ல, எரிவாயுவுல இருக்கிறது மண்ணுக்கு அடியில பல மில்லியன் வருஷம் கெடந்த கார்பன், கிளையில இருக்கிறது சில வருஷத்துக்கு முன்னாடி காத்துலேர்ந்து வந்தது. என்னக் கேட்டா முதல்ல மூடாக்கு, அப்புறம் உரம், மிஞ்சினது அடுப்புக்கு. உங்க மேற்பார்வையாளர் ஒத்துக்கிட்டா மரத்தடி வட்டத்துல மட்டுமாவது இலைய விட்டுப் பாருங்க, ஆனா அடிமரத்துல ஒட்டாம கொஞ்சம் தள்ளி, இல்லன்னா பட்டை அழுகும்.

ஊரப் பத்திச் சொன்னதால இன்னொண்ணு. நம்ம நெல்லு வயலும் ஒரு வகையில சதுப்பு நிலம்தான். தண்ணி கட்டின வயல்ல ஆக்ஸிஜன் இல்லாம மக்குறப்ப மீத்தேன் வருது, கடல் தண்ணி மாதிரி அங்க சல்ஃபேட் கெடையாதே. மீத்தேன் நூறு வருஷக் கணக்குல கரியமில வாயுவ விட 28 மடங்கு சூடு புடிக்கும். அதனாலதான் காய்ச்சலும் பாய்ச்சலுமா, அதாவது வயல கொஞ்சம் காய விட்டு விட்டு, தண்ணி விடச் சொல்றாங்க, தண்ணியும் மிச்சம், மீத்தேனும் கம்மி. வீட்டுக்குப் போன் போட்டா அப்பாகிட்ட சொல்லுங்க.

அமேசான் காடு உலகத்துக்கே நுரையீரல், 20 சதவீத ஆக்ஸிஜன் அங்கேர்ந்துதான் வருதுன்னு வாட்ஸ்அப்ல வருதே? – ஈசூன் வாசகி

இல்லக்கா. காடு விடுற ஆக்ஸிஜன அங்கயே இருக்கிற மரமும் பூச்சியும் பூஞ்சையும் மூச்சு விட்டும் மக்க வச்சும் ஏறக்குறைய அப்படியே செலவழிச்சுடும், வெளிய மிஞ்சுறது ஒண்ணும் இல்லன்னே சொல்லலாம். நாம மூச்சு விடுற ஆக்ஸிஜன் பல கோடி வருஷமாச் சேர்ந்தது, அது தீரப் போறதும் இல்ல. அமேசானப் பத்திக் கவலைப்பட வேண்டியது கார்பனுக்காகவும் மழைக்காகவும். விமானத்துலேர்ந்து 2010லேர்ந்து 2018 வரைக்கும் காத்தப் புடிச்சு அளந்ததுல, அதோட தென்கிழக்குப் பகுதி இழுக்கிறத விட வெளிய விடுறது கூடுதலாயிடுச்சுன்னு 2021ல வந்துச்சு. அந்த வாட்ஸ்அப்ப அனுப்பினவங்களுக்கு இத அனுப்புங்க.

2013ல புகைமூட்டம் வந்தப்ப என் மனைவிக்கு ஆஸ்துமா, ஜன்னல அடைச்சுட்டு வீட்டுக்குள்ளயே கெடந்தோம். காடு எரிஞ்சா மறுபடி முளைக்கும்தானே, அப்புறம் ஏன் சுமாத்ரா தீயால உலகத்துக்கே கார்பன் பிரச்சினைன்னு சொல்றாங்க? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

அந்த ஜூன் மாசம் யாருக்குத்தான் மறக்கும் சார். 21ம் தேதி காத்துத் தரக் குறியீடு 401 தொட்டுச்சு, எதிர் புளோக்கே தெரியல, மருந்துக் கடையில முகக்கவசம் தீர்ந்து போச்சு. உங்க மனைவி இப்ப நல்லா இருக்காங்கன்னு நம்புறேன்.

எரிஞ்சது மரம் மட்டும் இல்ல, நிலமே எரிஞ்சுச்சு. இந்தோனேசியாவுல சுமாத்ரா, கலிமந்தான் கரையோரமா பெரிய பரப்புல பீட் மண் இருக்கு. மழைத் தண்ணியில வருஷம் பூரா ஊறிக் கெடக்கிற காடு, விழுற கட்டையும் இலையும் மக்காம அப்படியே அடுக்கடுக்காச் சேர்ந்து மண்ணாகும், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கணக்குல. அப்படி ஆயிரக்கணக்கான வருஷமாச் சேர்ந்து சில இடத்துல பத்து மீட்டருக்கு மேல ஆழம் போகுது, அதாவது மூணு நாலு மாடிக் கட்டடம் உயரத்துக்கு வெறும் மரத்தூளும் வேரும்! கையில எடுத்தா ஈரமான காப்பித்தூள் மாதிரி கருப்பா இருக்கும், பிழிஞ்சா தண்ணி வடியும், உள்ள இன்னும் அடையாளம் தெரியுற சுள்ளி கெடக்கும். உலக நிலப்பரப்புல பீட் நிலம் நூத்துக்கு மூணுதான், ஆனா உலகத்துல இருக்கிற மத்த எல்லாச் செடி கொடி மரத்துலயும் சேர்ந்து இருக்கிற கார்பன விட அதுல கூடுதல்.

இதுல செம்பனையோ காகிதத்துக்கு அகேசியாவோ நடணும்னா முதல்ல கால்வாய் வெட்டி தண்ணிய வடிக்கணும், வினையே அங்கதான் ஆரம்பிக்குது. தண்ணி இறங்கினதும் காத்து உள்ள போகுது, தீயே வைக்கலன்னாலும் மண்ணு தானா மக்கி வாயுவாப் போக ஆரம்பிச்சுடும், நிலம் முதல் அஞ்சு வருஷத்துல ஒரு மீட்டருக்கு மேல அமுங்கி, அப்புறம் வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் மாதிரி இறங்கிட்டே போகும். அந்த நிலைமையில வறட்சி வந்து எவனாவது தீ வச்சா அது மண்ணுக்கு அடியில கனிஞ்சுகிட்டே நகரும், மேல தண்ணி ஊத்தினாலும் அணையாது, பெருமழை பெஞ்சு நிலம் ஊறினாத்தான் உண்டு. சுடர் விட்டு எரியாம குறைஞ்ச சூட்டுல கனியறதாலதான் அவ்வளவு புகை.

1996ல கலிமந்தான்ல ஒரு மில்லியன் எக்டேர் பீட் நிலத்த நெல்லு வயலாக்குறேன்னு சுகார்த்தோ அரசாங்கம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டுச்சு. நெல்லு வரல. அடுத்த வருஷமே எல் நினோ வறட்சி, எல்லாம் பத்திக்கிச்சு. 1997ல இந்தோனேசியாவுல எரிஞ்சதுல மட்டும் 0.81லேர்ந்து 2.57 பில்லியன் டன் கார்பன் போச்சுன்னு கணக்கு, அந்த வருஷம் உலகம் முழுக்க நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிச்சு விட்டதுல 13லேர்ந்து 40 சதவீதத்துக்குச் சமம். நீங்க கேட்டீங்க மறுபடி முளைக்கும்தானேன்னு. செடி முளைக்கும் சார், பத்து இருபது வருஷத்துல பச்சையாத் தெரியும். ஆனா கீழ போன ஒரு மீட்டர் மண்ணு திரும்ப வர, ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கணக்குல, 500லேர்ந்து ஆயிரம் வருஷம் ஆகும், அதுவும் தண்ணி திரும்ப நின்னாத்தான்.

அதனால செய்ய வேண்டியது மரம் நடுறதுக்கு முன்னாடி கால்வாய அடைக்கிறது. இந்தோனேசியா 2016ல அதுக்குன்னே தனி அமைப்பு வச்சு, மரக்கட்டையும் மண் மூட்டையும் போட்டு கால்வாய அடைச்சு நிலத்த நனைக்க ஆரம்பிச்சுது. நம்ம பக்கம் 2014ல எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்குன்னே சட்டம் வந்துச்சு, வெளிநாட்டுல தீ வைக்கிற நிறுவனத்து மேலயும் இங்க வழக்குப் போடலாம். சட்டம் நல்லதுதான், ஆனா நிலம் ஈரமா இருந்தா தீயே புடிக்காது, நான் நம்புறது ஈரத்தத்தான்.

எங்க ஆபீஸ்ல வெளிநாட்டுப் பயணத்துக்கு கார்பன் கிரெடிட் வாங்கி சரிக்கட்டிடறோம்னு சொல்றாங்க. காட்டக் காப்பாத்துறதுக்குக் காசு குடுக்கிறதாம். நிஜமா, கண்துடைப்பா? – உட்லண்ட்ஸ் வாசகி

ரெண்டும் இருக்கு, அதனால எதுக்குக் காசு போகுதுன்னு பார்த்துத்தான் சொல்ல முடியும். வெட்டப் போறதே இல்லாத காட்டுக்கு, வெட்டாம இருக்கோம்னு காசு வாங்கினா ஒரு கிராம்கூட குறையல. ஒரு பக்கம் காத்துட்டு அதே ஆளுங்க பக்கத்து மலையில வெட்டினாலும் அப்படித்தான். இன்னைக்குக் காசு வாங்கின காடு பத்து வருஷம் கழிச்சு எரிஞ்சு போனா என்ன பண்றது, அதுக்குன்னு கொஞ்சம் கிரெடிட்ட விக்காம ஒதுக்கி வச்சிருக்காங்களான்னும் கேக்கணும். விமானம் விட்ட வாயுல ஒரு பங்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல காத்துல இருக்கும், காட்டுக்கு அந்த உத்தரவாதம் யாராலயும் குடுக்க முடியாது.

நம்ம அரசாங்கமும் இதுல அளவு வச்சிருக்கு. கார்பன் வரி 2019ல டன்னுக்கு 5 வெள்ளியா ஆரம்பிச்சு, 2024ல 25 ஆகி, 2026ல 45. வரி கட்டுற பெரிய ஆலைங்க தங்களோட கணக்குல 5 சதவீதம் வரைக்கும்தான் வெளிநாட்டு கிரெடிட்டால கழிச்சுக்கலாம், மிச்சத்துக்கு வரி கட்டியே ஆகணும். அந்த 5 சதவீதம் எனக்குச் சரியாப் படுது. காடு காக்கிறவங்களுக்குக் காசு போகணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல, ஆனா அதக் காட்டி நம்ம பக்கம் குறைக்காம இருக்கக் கூடாது. உங்க ஆபீஸ்ல வீடியோ கால்ல முடியுற மீட்டிங்குக்கு எத்தன பேர் பறக்கிறாங்கன்னு முதல்ல கேளுங்க.

நான் உயர்நிலை 2 படிக்கிறேன். தண்ணி தேங்கின மண்ணுல மக்குறது மெதுவா நடக்கும்னு டீச்சர் சொன்னாங்க. அத வீட்டுல செஞ்சு காட்ட முடியுமா அங்கிள்? – தெம்பனிஸ் மாணவி

முடியும்மா, தேயிலைப் பையே போதும். உலகம் முழுக்க விஞ்ஞானிங்க நிஜமாவே செய்ற சோதனை இது, 2013ல முறைப்படி வெளியிட்டாங்க. கிரீன் டீ ஒண்ணு, ரூய்போஸ் (தென்னாப்பிரிக்கச் செடியிலேர்ந்து வர்ற சிவப்பு டீ) ஒண்ணுன்னு ரெண்டு வகை வாங்கு. கிரீன் டீ சீக்கிரம் மக்கும், ரூய்போஸ் மெதுவா மக்கும். காகிதப் பை வேண்டாம், அதுவே மக்கிடும், நைலான் வலை மாதிரி இருக்கிற முக்கோணப் பையாப் பாரு.

ஒவ்வொரு பையையும் எடை போட்டு எழுதி வச்சுட்டு, ஒரே மண்ணு நிரப்பின ரெண்டு தொட்டியில 8 சென்டிமீட்டர் ஆழத்துல புதை, அடையாளத்துக்குக் குச்சி குத்தி வை. ஒரு தொட்டிக்கு சாதாரணமா ஈரம் இருக்கிற அளவு தண்ணி. இன்னொண்ணு ஓட்டை இல்லாத தொட்டி, மண்ணுக்கு மேல ரெண்டு விரல் தண்ணி எப்பவும் நிக்கணும். மூணு மாசம் கழிச்சு எடுத்து, மண்ண மெதுவாத் தட்டி விட்டு, நல்லாக் காய வச்சு மறுபடி எடை போடு. வீட்டு சமையல் தராசு பத்தாது, ஒரு கிராம்ல நூத்துல ஒரு பங்கு காட்டுற தராசு ஸ்கூல் லேப்ல இருக்கும், டீச்சர்கிட்ட கேளு. ஒரு பை மட்டும் வச்சா நம்ப முடியாது, ஒவ்வொரு தொட்டியிலயும் ஒவ்வொரு வகையிலயும் அஞ்சாறு வை. கிரீன் டீயில கொஞ்சம் சும்மாவே தண்ணியில கரைஞ்சு எடை குறையும், அது மக்கினது இல்ல, அதனால ரெண்டு தொட்டியையும் ஒப்பிடுறப்ப ரூய்போஸ் பையத்தான் முக்கியமாப் பாரு.

தண்ணி நிக்கிற தொட்டிய கொசு வலையால இறுக்கமா மூடிக் கட்டிடு. ஏடிஸ் கொசு முட்டை போட்டா வீட்டுல எல்லாருக்கும் டெங்கி ஆபத்து, சுற்றுப்புற வாரியத்துலேர்ந்து சோதனைக்கு வந்தா அம்மா அப்பாதான் அபராதம் கட்டணும். முடிவு வந்ததும் எடை அட்டவணையோட அனுப்பு, அப்படியே போடுறோம்.